பென்டிரைவுக்கு ஒரு பூட்டு சுவிட்ச்

போன மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸிலிருந்து, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் வண்டிக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாதிக்கு மேல் மூடுபனியில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பிப் போய்ச் சேர்ந்து, என் பென்டிரைவைச் செருகி, வேலையை முடித்து, டீ குடித்துவிட்டு இறங்கினேன். சாயங்காலம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பிரிண்டர் டிரைவர் போட வேண்டியிருந்தது. அதே பென்டிரைவ். மறுநாள் காலை பட்டறை அண்ணன் போன் செய்கிறார்: "தம்பி, டிசைன் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிப்போச்சு, ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. நேத்து நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான்."

வைரஸ் எடுக்கப் போனவனே வைரஸைச் சுமந்துகொண்டு வந்து இறக்கியிருக்கிறேன். நல்லவேளை, ஃபைல்கள் அழியவில்லை, மறைந்துதான் இருந்தன. அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை, வாங்கும் முகமும் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால் எரிச்சல்தான் வந்தது. ஃபிளாப்பி காலத்திலேயே இதற்கு வழி இருந்தது. 3.5 அங்குல ஃபிளாப்பியின் மூலையில் ஒரு குட்டி நகர்த்தி இருக்கும், அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் அதில் எழுத முடியாது. அதற்கு முந்தைய 5.25 அங்குல ஃபிளாப்பியில் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருக்கும், அதை ஸ்டிக்கர் ஒட்டி மூடினால் எழுத முடியாது. (ஒன்றில் ஓட்டை திறந்திருந்தால் பூட்டு, இன்னொன்றில் மூடியிருந்தால் பூட்டு. யார் யோசித்தார்களோ.) பென்டிரைவ் வந்த புதிதில் சிலவற்றில் இப்படி ஒரு சுவிட்ச் இருந்தது. இப்போது காங்குரு மாதிரி சில நிறுவனங்கள்தான் சுவிட்ச் வைத்து விற்கின்றன, நம் ஊர்க் கடையில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சரி, நாமே வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி, மூன்று கார்டு ரீடர், நான்கு பென்டிரைவ் பிரித்து, இரண்டைச் சாகடித்து, கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும். சாஃப்ட்வேரிலேயே பூட்டினால் போதாதா? விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கிற ரெஜிஸ்ட்ரியில் ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ் என்று ஒரு கீ உண்டாக்கி அதில் ரைட் புரொடெக்ட், அதாவது எழுதத் தடை, என்ற மதிப்பை 1 என்று வைத்தால் எந்தப் பென்டிரைவிலும் எழுத முடியாதே என்பார்கள். முடியாதுதான், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும். பூட்டு என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பென்டிரைவ் போவது ஊரான் கம்ப்யூட்டருக்கு. லினக்ஸில் பிளாக்டெவ் கட்டளையால் பூட்டுவதும் அதே கதை. ஃபோல்டருக்குப் பர்மிஷன் போட்டுத் தடுப்பது இன்னும் மோசம், அட்மின் உரிமையோடு ஓடுகிற எந்த புரோகிராமும் அதை எடுத்துவிடும், பல வைரஸ் அட்மின் உரிமையோடுதான் ஓடும். திருடன் கைக்கே எட்டும் இடத்தில் சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. நமக்கு வேண்டியது, கம்ப்யூட்டரில் ஓடுகிற எதுவும் தொட முடியாத இடத்தில், விரலால் மட்டுமே தள்ளக்கூடிய ஒரு சுவிட்ச்.

இன்னொன்று, வைரஸே இல்லாத நல்ல கம்ப்யூட்டர்கூட பென்டிரைவில் எழுதாமல் விடுவதில்லை. விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லிப் பாருங்கள், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்று நீங்கள் உண்டாக்காத ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருக்கும். செருகினாலே எழுத்து நடக்கிறது.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதுதான் முழு விஷயமும். கம்ப்யூட்டர் எழுதச் சொல்கிற கட்டளை யூஎஸ்பி வழியாக பென்டிரைவுக்குள் இருக்கிற கண்ட்ரோலர் சிப்புக்குப் போகிறது, கண்ட்ரோலர் அதைப் புரிந்துகொண்டு பக்கத்தில் இருக்கிற, தகவல் தங்குகிற நேண்ட் சிப்பில் எழுதுகிறது. ஆக, ஒன்று கண்ட்ரோலரையே "எழுதாதே" என்று சொல்லிவைக்கலாம், இல்லையென்றால் நேண்ட் சிப்பின் கையைக் கட்டிப்போடலாம். யூஎஸ்பி ஒயரில் எதையாவது வெட்டித் தடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், படிக்கக் கேட்கிற கட்டளையும் எழுதச் சொல்கிற கட்டளையும் அதே ஒயர்களில்தான் போகின்றன.

ஹார்ட் டிஸ்க்கிலும் இப்படித்தானா என்று கேட்டால், இன்னும் மோசம். பழைய ஐடிஇ டிஸ்க்கின் 40 பின் கேபிளில் 23வது பின் எழுதுவதற்கான சிக்னல்தான், அதை வெட்டிவிட்டால் போதுமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். ஆனால் "இந்த இடத்தைப் படித்துக் கொடு" என்று டிஸ்க்கிடம் கேட்பதற்கே, அந்தக் கட்டளையை டிஸ்க்கின் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், அதற்கும் அதே 23வது பின்தான். வெட்டினால் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது, டிஸ்க் இருப்பதே தெரியாது. அதற்குப் பின் வந்த சாட்டா டிஸ்க்கில் தனியாக எழுதும் ஒயர் என்றே ஒன்று கிடையாது, போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, எல்லாமே பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. பழைய ஸ்கஸி டிஸ்க்குகள் சிலவற்றில் ரைட் புரொடெக்ட் ஜம்பரே (இரண்டு பின்னை இணைக்கிற குட்டி மூடி) இருந்தது, அது ஒரு பொற்காலம். இப்போது ஹார்ட் டிஸ்க்கைப் பூட்ட வேண்டுமென்றால் நடுவில் உட்கார்ந்து கட்டளைகளை வடிகட்டுகிற ரைட் பிளாக்கர் என்ற பெட்டியை வாங்குவதே வழி. கோர்ட், போலீஸ் சமாச்சாரமாக யாருடைய டிஸ்க்கையாவது தொட வேண்டி வந்தால் அதற்கும் அந்தப் பெட்டிதான், அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் இந்தப் பெட்டிகளைச் சோதித்து அறிக்கையே போடுகிறது. நாம் சாலிடர் வைத்ததை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து எஸ்டி கார்டு. அதன் ஓரத்தில் லாக் என்று எழுதி ஒரு நகர்த்தி இருக்கிறதே, அது போதாதா? இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அந்த நகர்த்திக்கும் கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. கார்டு போய் உட்காருகிற சாக்கெட்டில் ஒரு குட்டி ஸ்பிரிங் தகடு இருக்கும், நகர்த்தி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்தத் தகடுதான் தொட்டுப் பார்த்து ரீடருக்குச் சொல்கிறது. மதிப்பதும் மதிக்காததும் ரீடரின் இஷ்டம். கேனான் கேமராவில் சிஹெச்டிகே என்ற இலவச சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேமரா ஆன் ஆகும்போதே அது தானாக ஓட வேண்டுமென்றால் கார்டை லாக் நிலையில் வைக்கச் சொல்வார்கள், லாக் செய்த அதே கார்டில் படமும் எடுத்துச் சேமித்துக்கொள்ளும்! அவ்வளவுதான் அந்த லாக்கின் மரியாதை.

ஆனால் இந்தக் குறையேதான் நமக்கு வழி. ரீடருக்குள் ஒரு ரைட் புரொடெக்ட் ஒயர் ஏற்கெனவே ஓடுகிறது, சிப் அதைப் படிக்கிறது. அந்த ஒயரில் நம் சுவிட்சைப் போட்டு, கார்டை உள்ளேயே ஒட்டிவிட்டால் சுவிட்ச் வைத்த பென்டிரைவ் தயார். எனக்கு இதுதான் பிடித்த வழி, முதல்முறை செய்கிறவர்கள் இதையே செய்யுங்கள்.

பெரிய எஸ்டி கார்டு போடுகிற யூஎஸ்பி ரீடர் வேண்டும். மைக்ரோ எஸ்டி மட்டும் போடுகிற குட்டி ரீடர் உதவாது, மைக்ரோ கார்டில் நகர்த்தியே கிடையாது, அதனால் அந்த சாக்கெட்டில் தகடும் இல்லை. லேப்டாப்பில் உள்ளேயே இருக்கிற ரீடரும் வேண்டாம், அவற்றில் பெரும்பாலும் பூட்டு நிலையைப் பார்த்து முடிவெடுப்பது டிரைவர் சாஃப்ட்வேர், அதாவது மறுபடியும் கம்ப்யூட்டர் கையில். யூஎஸ்பி ரீடரில் முடிவெடுப்பது ரீடரின் சிப். கம்ப்யூட்டரால் கார்டோடு நேராகப் பேச முடியாது, சிப்பிடம்தான் கேட்க வேண்டும், சிப் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

வாங்குவதற்கு முன்பே, கடையிலேயே, ஒரு சோதனை செய்துவிடுங்கள். நகர்த்தியை லாக் பக்கம் தள்ளிய கார்டை ரீடரில் போட்டு ஒரு ஃபைலை அதில் காப்பி செய்யப் பாருங்கள். டிஸ்க் ரைட் புரொடெக்ட் ஆகியிருக்கிறது என்று விண்டோஸ் மறுத்தால் நல்ல ரீடர். பேசாமல் காப்பி ஆகிவிட்டால் அந்த ரீடரில் தகடு இல்லை, அல்லது தகடு இருந்தும் சிப்புக்கு ஒயர் போகவில்லை. விலை குறைவான ரீடர்களில் இது சகஜம், நான் வாங்கிய மூன்றில் ஒன்று அப்படித்தான். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், செருகிவிட்டு டிமெஸ்ஜி கட்டளை கொடுத்தால் "ரைட் புரொடெக்ட் இஸ் ஆன்" என்றோ "ஆஃப்" என்றோ கெர்னலே ஒரு வரி எழுதியிருக்கும்.

மற்றபடி வேண்டியது: ஒரு சின்ன சிலைடு சுவிட்ச், மூன்று கால் உள்ளது, முடி மாதிரி மெல்லிய ஒயர், ஊசிமுனை உள்ள 25 வாட் சாலிடரிங் அயர்ன், சாலிடர் நன்றாகப் பிடிக்கத் தடவுகிற ஃபிளக்ஸ், பீப் அடிக்கிற மல்டிமீட்டர், ஹாட் குளூ. பூதக்கண்ணாடி கட்டாயம். என்னிடம் இல்லை, எந்தப் பட்டறைக்கு வைரஸ் கொடுத்தேனோ அங்கேயே போய்க் கேட்டு வாங்கினேன். அண்ணன் கூடவே ஒரு சின்ன இடுக்கியையும் கொடுத்து, நான் சாலிடர் வைக்கிறதை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கை இப்படி ஆடுது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வைங்க" என்றார். நாள் முழுக்கக் கொலுசுக் கண்ணி பற்றவைக்கிறவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உண்மையிலேயே அதற்கப்புறம் கை ஆடவில்லை.

ரீடரைத் திறப்பது பெரிய வேலை இல்லை, தட்டுவடை செட்டு மாதிரி இரண்டு மூடிக்கு நடுவே போர்டு உட்கார்ந்திருக்கும், நகத்தாலோ பிளாஸ்டிக் கார்டாலோ ஓரத்தில் நெம்பினால் பிளந்துகொள்ளும். உள்ளே சாக்கெட்டின் பின்பக்கம் வரிசையாக ஒன்பது கால் கார்டின் ஒன்பது தங்கப் பட்டைகளுக்கு. அதைத் தவிர ஓரத்தில் இரண்டோ மூன்றோ தனியாக நிற்கும். அவற்றில் ஒன்று கார்டு போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, இன்னொன்று நமக்கு வேண்டிய ரைட் புரொடெக்ட்.

எது எது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். ரீடர் கம்ப்யூட்டரில் செருகியிருக்கக் கூடாது. ஒரு முனையை யூஎஸ்பி பிளக்கின் வெளித் தகட்டில் வையுங்கள், பெரும்பாலும் அதுதான் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற பொது இணைப்பு. மறுமுனையால் ஓரத்துக் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்: கார்டு இல்லாமல், லாக் செய்த கார்டோடு, லாக் எடுத்த கார்டோடு என்று மூன்று முறை. கார்டைப் போட்டாலே மாறுகிற கால், அதன்பின் லாக் எப்படி இருந்தாலும் மாறாதது, கார்டு இருப்பதைப் பார்க்கிற கால், அதை விட்டுவிடுங்கள். நகர்த்தியைத் தள்ளினால் பீப் வந்து போகிற கால்தான் நம்முடையது. எந்த நிலையில் பீப் வருகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இது முக்கியம், சாக்கெட்டுக்கு சாக்கெட் மாறக்கூடியது.

நான் செய்த இரண்டிலும் லாக் எடுத்தால் பீப், லாக் போட்டால் பீப் இல்லை. அதாவது ஒயர் கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் எழுதலாம், தொடர்பு அறுந்தால் பூட்டு. இது ரொம்ப நல்ல அமைப்பு. ஏனென்றால் நம் சுவிட்ச் கெட்டுப்போனாலும், சாலிடர் விட்டுப்போனாலும், ஒயர் அறுந்தாலும், பென்டிரைவ் பூட்டிக்கொள்ளும், திறந்துகொள்ளாது. உங்கள் ரீடர் இதற்குத் தலைகீழாக இருந்தால், பூட்டுவதற்கு ஒயர் தொட வேண்டும் என்றால், ஒரு நாள் ஒயர் அறுந்து நீங்கள் பூட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஊர் முழுக்கச் செருகிக்கொண்டிருப்பீர்கள். அந்த ரீடரை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்குங்கள். வேறு எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

இப்போது வெட்டு. அந்தக் காலிலிருந்து சிப்புக்குப் போகிற செம்புக் கோட்டைக் கண்ணாடி வைத்துப் பின்தொடருங்கள், வசதியான ஒரு இடத்தில் பிளேடால் மெதுவாக இரண்டு கீறல் போட்டு நடுவில் இருக்கிற துண்டைச் சுரண்டி எடுங்கள். மல்டிமீட்டரில் அந்தக் கோட்டின் இரு பக்கமும் இப்போது தொடர்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். வெட்டின் இரு பக்கமும் பச்சைப் பூச்சைச் சுரண்டி, செம்பு பளபளக்கும்போது ஃபிளக்ஸ் தடவி, ஆளுக்கொரு ஒயர் சாலிடர் செய்து, ஒயர்களை சுவிட்சின் நடுக்காலுக்கும் ஒரு ஓரக்காலுக்கும் கொண்டுபோங்கள். மூன்றாவது கால் சும்மா இருக்கட்டும். கோடு தெரியவே இல்லையென்றால் சாக்கெட்டின் அந்த ஒற்றைக் காலைச் சூடு காட்டித் தூக்கிவிட்டு, கீழே இருக்கிற பட்டைக்கும் தூக்கிய காலுக்கும் நடுவே சுவிட்சைப் போடலாம், பலன் ஒன்றுதான். இப்படி வரிசையில் போட்டால் கார்டின் நகர்த்தியும் வேலை செய்யும், நம் சுவிட்சும் வேலை செய்யும், இரண்டிலும் பூட்டை எடுத்திருந்தால்தான் எழுத முடியும்.

மூடியில் ஓட்டை போட்டு சுவிட்சை வெளியே கொண்டுவந்து, கார்டின் லாக்கை எடுத்த நிலையில் வைத்து உள்ளே செருகி, வாயில் ஹாட் குளூ வைத்து அடைத்துவிடுங்கள். அடைப்பது எதற்கென்றால், பூட்டு ரீடரில்தான் இருக்கிறது, கார்டில் இல்லை. யாராவது கார்டை உருவி வேறு ரீடரில் போட்டால் நாம் செய்த அத்தனையும் வீண்.

ஏற்காட்டுப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் மூடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஃபிளக்ஸ் மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் சாலிடர் வைத்த இடங்களில் நெயில் பாலிஷ் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். அந்த ஈரத்தில் ஃபிளக்ஸ் மிச்சம் பிசுபிசுத்து, சில மாதத்தில் பச்சை பிடிக்கும். விலை குறைவான சிலைடு சுவிட்சின் உள்தகடும் கறுத்துப்போகும். போனாலும் பூட்டிக்கொள்கிற அமைப்பு என்பதால் ஆபத்து இல்லை, ஆனால் எழுத வேண்டிய நாளில் நாலு முறை தள்ளித் தள்ளி உயிர் போகும்.

இந்த வழியில் ஒரே ஒரு குறை, கடைசியில் மறுக்கிறது ரீடர் சிப்பில் ஓடுகிற ஃபர்ம்வேர், அதாவது சிப்போடு வருகிற சாஃப்ட்வேர்தான். அதையே மாற்றி எழுத முடிந்தால்? 2014இல் பிளாக் ஹாட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல் குழுவினர் பேட்யூஎஸ்பி என்ற பெயரில் இதைத்தான் காட்டினார்கள், சில யூஎஸ்பி கண்ட்ரோலர்களின் ஃபர்ம்வேரை கம்ப்யூட்டரிலிருந்தே மாற்ற முடியும் என்று. ஷார்ட்கட் வைரஸ் அந்த அளவுக்குப் போகாது, பட்டறைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இது தாராளம். அதற்கு மேல் வேண்டுமென்பவர்களுக்கும், கை அரிக்கிறவர்களுக்கும் இரண்டாவது வழி.

இரண்டாவது வழியில் நேண்ட் சிப்பின் காலிலேயே கை வைக்கிறோம். பழைய 4 ஜிபி, 8 ஜிபி பென்டிரைவ்களைத் திறந்தால் ஒரு பக்கம் சின்ன சதுரக் கண்ட்ரோலர், இன்னொரு பக்கம் இரண்டு ஓரத்திலும் பூரான் மாதிரி கால்கள் உள்ள நீளமான சிப் இருக்கும். ஓரத்துக்கு 24, மொத்தம் 48 கால், டிஎஸ்ஓபி-48 என்று பெயர். இப்போது வருகிற குட்டிப் பென்டிரைவ்கள் பல ஒரே கருப்புக் கட்டியாக, சிப் எல்லாம் உள்ளேயே வார்த்து வருகின்றன, அவற்றில் தொடுவதற்குக் காலே இல்லை, விட்டுவிடுங்கள்.

அந்த 48 காலில் 19வது கால் ரைட் புரொடெக்ட். அதில் வோல்டேஜ் இருந்தால் சிப் எழுதும், கிரவுண்டுக்கு இழுத்தால் எழுதவும் அழிக்கவும் மறுக்கும். இங்கே ஃபர்ம்வேர், வைரஸ் எதன் பேச்சும் எடுபடாது. சிப்பின் மேல் ஒரு மூலையில் புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால், அந்த ஓரத்திலேயே எண்ணிக்கொண்டு போங்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 19 வரை எண்ணுவது கண்ணைக் கெடுக்கிற வேலை, அதனால் மறுமுனையிலிருந்து எண்ணுங்கள், ஆறாவது கால். 12வது கால் 3.3 வோல்ட் சப்ளை, 13வது கிரவுண்ட். 18வது காலோடு சாலிடர் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது எழுதும் சிக்னல், ஒட்டினால் பென்டிரைவே தெரியாது.

19வது காலை நேராக கிரவுண்டில் தொட்டுவிடலாமே என்று அவசரப்படாதீர்கள். சில போர்டுகளில் அது ஒரு ரெசிஸ்டர் வழியாக சப்ளைக்குப் போகும், அப்போது பரவாயில்லை. சிலவற்றில் நேராகவே சப்ளையோடு இணைந்திருக்கும், தொட்டால் சப்ளையே ஷார்ட். சிலவற்றில் கண்ட்ரோலர் அந்தக் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் கீழே இழுக்க அது மேலே இழுக்கும். என் முதல் பென்டிரைவ் போனது இரண்டாவது வகையில். அதனால் எந்த வகையாக இருந்தாலும் காலைத் தூக்கிவிடுவதே நல்லது: அயர்ன் முனையால் சூடு காட்டிக்கொண்டே, ஊசியைக் காலுக்கு அடியில் விட்டு, போர்டிலிருந்து லேசாக எழுப்புங்கள். ரொம்பத் தூக்கினால் முறிந்துவிடும், இரண்டாவது பென்டிரைவ் போனது அப்படி.

தூக்கிய காலிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்கு நிரந்தரமாகப் போடுங்கள். அதே காலிலிருந்து ஒரு ஒயரை சுவிட்ச் வழியாக 12வது காலின் சப்ளைக்கு. சுவிட்ச் இணைத்தால் சப்ளை வருகிறது, எழுதலாம். சுவிட்ச் பிரித்தால் ரெசிஸ்டர் கீழே இழுத்துக்கொள்கிறது, பூட்டு. இங்கேயும் அதே கணக்கு, ஒயர் அறுந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இதை வேலைக்கு எடுக்கும் முன் சில விஷயம். நேண்ட் சிப் மறுப்பது கண்ட்ரோலருக்குப் புரிகிறதா என்பது அதை எழுதியவன் கைவண்ணம். சில பென்டிரைவில் விண்டோஸ் எரர் காட்டும். சிலவற்றில் ஃபைல் காப்பி ஆனதாகவே காட்டும், ஃபோல்டரில் தெரியவும் தெரியும், பிடுங்கிச் செருகினால் காணாமல் போயிருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நாம் கேட்டது அதுதான். இன்னும் சில, பூட்டிய நிலையில் செருகினால் அப்படியே மரம்போல நின்றுவிடும், ஏனென்றால் அந்தக் கண்ட்ரோலர்கள் ஆன் ஆகும்போதே தங்கள் கணக்குப் பட்டியலைத் திருத்தி எழுதப் பார்க்கின்றன. அந்தப் பென்டிரைவ் இதற்கு லாயக்கில்லை. அப்புறம், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும்போது சுவிட்சைத் தொடவே கூடாது. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது பூட்டினால் எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற அந்தப் பட்டியலே கிழிந்து, மொத்தப் பென்டிரைவும் போய்விடும். பிடுங்கு, தள்ளு, செருகு. எஸ்எஸ்டியில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம், அது சும்மா இருக்கும்போதும் உள்ளுக்குள் எதையாவது நகர்த்திக்கொண்டே இருக்கும்.

பென்டிரைவைத் திறந்ததும் காலைத் தேடும் முன்பு போர்டின் ஓரத்தை ஒருமுறை பாருங்கள். சில போர்டுகளில் சுவிட்சுக்கான பட்டைகள் காலியாக இருக்கும், ஒரே போர்டை சுவிட்சோடும் சுவிட்ச் இல்லாமலும் விற்பதற்காக அடித்தது. அப்படி இருந்தால் லாட்டரி. நேராக ஒயர் வைக்காமல் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அந்தப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்து, செருகி, பூட்டு நிலை மாறுகிறதா என்று சோதியுங்கள். மாறினால் அங்கேயே ஒரு சுவிட்ச், வேலை முடிந்தது, காலைத் தூக்க வேண்டாம், கண்ட்ரோலரே கம்ப்யூட்டருக்கு மரியாதையாகச் சொல்லிவிடும்.

எந்த வழியில் செய்தாலும் சோதிக்காமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள். லினக்ஸில் முழு டிரைவுக்கும் ஷா-256 ஹாஷ் (உள்ளே துளி மாறினாலும் மாறிவிடுகிற, கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து எழுதிவையுங்கள், ஒரு ஃபைலுக்கு மட்டுமல்ல, முழு டிரைவுக்கும். பூட்டுங்கள். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, காப்பி செய்யுங்கள், அழியுங்கள், பெயர் மாற்றுங்கள், ஃபார்மட்டே கொடுத்துப் பாருங்கள், மனசு வராது, ஆனாலும் கொடுங்கள். மறுபடியும் லினக்ஸில் செருகி, மவுண்ட் செய்யாமல், அதாவது ஃபைல்களைத் திறக்கும்படி இணைக்காமல், ஹாஷ் எடுங்கள். ஒரு எழுத்துகூட மாறாமல் அதே எண் வந்தால் பூட்டு பூட்டுதான். முதல் வழியில் செய்த என்னுடையது இரண்டும் அப்படியே வந்தன. இரண்டாவது வழியில் பிழைத்த இரண்டில் ஒன்று மட்டும் வந்தது, மற்றது நான் சொன்ன மரம்போல நிற்கிற வகை.

உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். என்னுடையதில் விண்டோஸ் இன்ஸ்டாலர், டிரைவர்கள், ஆன்டிவைரஸ் ஸ்கேனர். இன்ஸ்டாலர் பூட்டிய டிரைவிலிருந்து ஓடுமா என்று கேட்காதீர்கள், டிவிடியிலிருந்து ஓடிய சாமான்தானே அது. மாதம் ஒருமுறை வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மட்டும் பூட்டைத் திறந்து புதுப்பித்து, மறுபடி ஹாஷ் எடுத்துப் பூட்டிவிடுகிறேன். சுவிட்சின் எழுதவிடுகிற பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு, சிவப்பு தெரிந்தால் பையில் போடுவதில்லை. பூட்டுவதற்கு முன் உள்ளே வைரஸ் இருந்துவிட்டால் அதையும் சேர்த்துப் பத்திரமாகப் பூட்டிவிடுவீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதேபோல, உள்ளே இருப்பதை யாராவது காப்பி எடுத்துக்கொண்டு போவதை இந்த சுவிட்ச் தடுக்காது.

போன மாதம் அதே எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். வேலையெல்லாம் முடிந்து கிளம்பும்போது அங்கிருந்த கணக்குப்பிள்ளை, கீழே ஆடிட்டரிடம் கொடுக்க ஒரு எக்ஸெல் ஃபைலை என் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று இழுத்துப் போட, கம்ப்யூட்டர் மறுத்தது. "தம்பி, உங்க பென்டிரைவ் போயிருச்சுங்களாட்ட இருக்கு" என்றார் பாவமாக. அதற்குத்தான் இப்போது பையில் இரண்டாவதாக ஒரு சாதா 4 ஜிபி பென்டிரைவும் வைத்திருக்கிறேன். அடுத்தவர் ஃபைல் வாங்குவதற்கு மட்டும் அது. வீட்டுக்கு வந்ததும் லினக்ஸில் போட்டு, வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துவிட்டு, ஃபார்மட்.